அஸ்னாவின் கலியாணத்துக்கு ஒரு கமரா

2024.06.22, சனி

சகலன் நளீம் கத்தாரிலிருந்து கொண்டுவந்த கமரா இன்று அஸர் தொழுகைக்குப் பின் என் கைக்கு வந்தது. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வகை, இரண்டாண்டுகள் பாவிக்கப்பட்டது. ஒரு லென்ஸ், இரண்டு பற்றரி, ஒரு சார்ஜர், ஒரு தோள்வார். கைந்நூல் இல்லை. இணையத்திலிருந்து இறக்கி, பிரதான வீதிக் கடையில் அச்சிட்டுச் சுருள்கம்பி கட்டுவித்தேன். முந்நூற்று எண்பத்தாறு பக்கங்கள். இன்று தொடங்கி நாளொன்றுக்கு எட்டுப் பக்கம் வாசித்தால் ஆகஸ்ட் ஒன்பதாந் திகதி முடியும். மகள் அஸ்னாவின் நிக்காஹ் பதினோராந் திகதி. இரண்டு நாள் கையில் இருக்கும்.

ஏன் வாங்கினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். சென்ற வருடம் எங்கள் மஹல்லாவில் ஒரு பிள்ளையின் கலியாணப் படத்தை யாரோ முகநூலில் போட்டுவிட்டார்கள். அந்தத் தகப்பன் பள்ளிவாசல் நிருவாக சபைக் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அதன்பின் சபை ஒரு விதி இயற்றியது. செயலாளர் என்ற முறையில் வரைந்தவன் நான். 4(அ): மணமகளையும் பெண்கள் பகுதியையும் மஹ்ரம் அல்லாத ஆண்கள் படம் பிடித்தல் ஆகாது. 4(ஆ): பெண்கள் பகுதிக்குள் கைத்தொலைபேசி கொண்டுசெல்லல் ஆகாது, வாசற் கூடையில் வைக்கப்படல் வேண்டும். மஹ்ரம் என்பது தகப்பன், உடன்பிறந்தான் போன்று மணமுடிக்க விலக்கப்பட்ட உறவு. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஆகவே அஸ்னாவைப் படம் பிடிக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்.

அக்கரைப்பற்றில் ஹிமாயா என்றொரு பெண் படப்பிடிப்பாளர் இருக்கிறார், அவரைப் பிடிக்கலாம் என்று அஸ்னா சென்ற மாதமே சொன்னாள். அவர் தன் முகநூற் பக்கத்தில் மணப்பெண்களின் படங்களைப் போடுகிறார் என்று மறுத்தேன்.

"கையும் முதுகும்தான் வாப்பா போடுறவ. மூஞ்சி இல்ல."

"முதுகும் அந்தப் பிள்ளையினுடையதுதானே" என்றேன்.

 "அப்ப எனக்கு ஒரு படமும் இருக்காதா?" என்றாள். நான் எடுப்பேன், ஸ்டூடியோக்காரன் எடுப்பதிலும் திருத்தமாக எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். "நீங்க எண்டா சரி வாப்பா" என்றாள்.

கமராப் பையில் ஒரு சீட்டு ஒட்டியுள்ளேன்: யாரும் தொடக் கூடாது.

2024.06.24, திங்கள்

பக்கம் 24 வரை முடிந்தது. தத்துவம் கடினமன்று. இருபத்தாறு வருடம் நீர்ப்பாசனத்தில் வேலை செய்பவனுக்கு இது வாய்க்காற் கணக்கு. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, அவ்வளவு நீர் பாயும். இங்கே நீருக்குப் பதில் வெளிச்சம்.

ஆனால் துளையின் அளவை எண்ணிட்ட ஒழுங்கு என்ன ஒழுங்கு? 5.6 என்றால் பெரிய துளை. 16 என்றால் சிறிய துளை. எண் கூடக் கூடத் துளை சிறுக்கிறது! இரண்டு மணித்தியாலம் இதனோடு மல்லாடிய பின் விளங்கியது, அது பின்னத்தின் கீழெண்ணாம். அப்படியென்றால் பின்னமாகவே எழுதித் தொலைத்திருக்கலாமே. எங்கள் திணைக்களத்தில் மதகுக் கதவுக்கு ஒருவன் இப்படி இலக்கமிட்டால் வயலெல்லாம் வெள்ளத்தில் போயிருக்கும்.

பதிவுப் புத்தகம் ஒன்று திறந்தேன். ஐந்து நிரல்கள்: இலக்கம், துளை, வேகம், குறை, நடவடிக்கை. குறைகளுக்கும் இலக்கமிட்டுள்ளேன். 1 அசைவு. 2 சரிவு. 3 கண் மூடல். 4 தலை வெட்டுப்படல். 5 மிகை வெளிச்சம். 6 குறை வெளிச்சம். குறையுள்ள படம் அழிக்கப்படும்.

2024.06.25, செவ்வாய்

17 படங்கள். பதினேழும் அழிக்கப்பட்டன.

2024.06.28, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பின் அஸ்னாவை விறாந்தையில் இருத்தி முதன்முறை எடுத்தேன். வெளிச்சம் இடப்புறத்திலிருந்து. தூரம் இரண்டு மீற்றர், நாடா பிடித்து அளந்தது. துளை 5.6, வேகம் நூற்றிருபத்தைந்தில் ஒன்று. எல்லாம் கைந்நூலின்படி.

நான் அளவுகளைச் சரிபார்த்து முடிக்கும்போது அவள் சிரிப்பு போய்விடுகிறது. மறுபடி சிரி என்றால் பல் மட்டும் தெரிகிறது. பன்னிரண்டாவது படத்தில் சொன்னாள்:

"வாப்பா, நீங்க என்னப் பாக்கல்ல. அந்த மீற்றரத்தான் பாக்கிறீங்க."

மீற்றரைப் பார்க்காமல் எப்படி எடுப்பது? குசினியிலிருந்து என் மனைவி கைருன்னிஸா எட்டிப் பார்த்து, "புள்ளய ஐடென்டிக் காட்டுக்குப் புடிக்கிற மாதிரி இரிக்கி" என்றாள். முப்பது படங்கள். ஆறு எஞ்சின. அந்த ஆறும் உண்மையில் அடையாள அட்டைக்கே உகந்தவை.

மேலே உள்ள வட்டத் திருகியில் பச்சை நிறத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதில் வைத்தால் கமராவே அனைத்தையும் தீர்மானிக்குமாம். அது படிக்காதவர்களுக்கு. நான் அதில் வைக்கப் போவதில்லை.

2024.07.03, புதன்

சிறுபோக முறைத் தண்ணீர் திறப்பதற்காக வீரமுனைப் பக்கம் போனேன். மதிய இடைவேளையில் மட்டும், அலுவலக நேரத்தில் அன்று, கமராவை எடுத்தேன். மதகுக் கதவு, திருகுகோல், நீர்மட்டப் பலகை, கலிங்கு. நாற்பது படங்கள். மூன்று தவிர எல்லாம் பழுதற்றவை. பலகையின் சென்ரிமீற்றர்க் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

வரம்பில் நின்ற வெள்ளாமைக்காரர் ஒருவர், "சேர், எனக்கும் ஒண்டு புடிங்களேன்" என்றார். பிடித்தேன். திரையில் பார்த்துவிட்டு, "என்ன சேர், என்னவிட அந்தப் பலகைதான் வடிவா இரிக்கு" என்று பெரிதாகச் சிரித்தார். குறை 3 மற்றும் 6. அழித்தேன்.

அசையாத பொருள் என்றால் எனக்குப் பிழைப்பதில்லை. மனிதர்கள்தான் நிற்கிறார்கள் இல்லை. நிற்கச் சொன்னால் மனிதராக இருக்கிறார்கள் இல்லை. இதற்குக் கைந்நூலில் பக்கம் எது?

2024.07.07, ஞாயிறு

மூன்று நாளாகக் கச்சான் காற்று. நெருப்பாய் அடிக்கிறது, வீடெல்லாம் புழுதி. நான் செய்த மடமையை எழுதத்தான் வேண்டும். விறாந்தையில் இருந்துகொண்டே லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன். இப்போது எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் வலது மேல் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. வாயால் ஊதினேன். புள்ளி இரண்டாயிற்று. 'வாயால் ஊதக் கூடாது, உமிழ்நீர் படும்' என்று பக்கம் 311 சொல்கிறது. நான் இன்னும் பக்கம் 128இல் நிற்கிறேன். ஒழுங்காக வாசிப்பவனுக்கு வந்த தண்டனை.

2024.07.12, வெள்ளி

கைருன்னிஸாவை ஏசிவிட்டேன். சீட்டு ஒட்டியிருந்தும் கமராவை எடுத்துப் புழுதி துடைத்திருக்கிறாள். அதுவும் நான் உடுத்துக் கழற்றிய சாரனால்! லென்ஸைச் சாரனால் துடைக்கிறதா? எத்தன தரம் சொல்லுற? தொட வேணாம் எண்டு எழுதி ஒட்டியிருக்கு, வாசிக்கத் தெரியாத ஆளா?

அவள் கோபிக்கவில்லை. "சரி, இனித் தொடல்ல. உங்கட இரண்டாம் தாரம், நீங்களே வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு மா அரிக்கப் போய்விட்டாள்.

அவள் துடைத்த பிறகு, புள்ளிகள் அப்படியே இருந்தாலும், லென்ஸின் முன்பக்கம் தெளிவாகத்தான் இருக்கிறது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

2024.07.18, வியாழன்

இன்று நடந்தது என் திட்டத்தின் அடியையே பிடுங்கிவிட்டது.

கைருன்னிஸாவின் தங்கை நபீஸா, நளீமின் மனைவி, வந்திருந்தாள். எடுக்க வேண்டிய படங்களின் பட்டியலை மேசையில் வைத்திருந்தேன். அறுபத்திரண்டு உருப்படிகள், நேரவாரியாக. அவள் வாசித்துவிட்டுக் கேட்டாள்:

"மச்சான், இருபத்தெட்டாம் இலக்கம், 'மணமகள் தோழியருடன்' எண்டு போட்டிருக்கீங்க. அத ஆர் எடுக்கிற?"

"நான்தான்."

"அவளுகளுக்கு நீங்க என்ன வாப்பாவா, காக்காவா?"

தகப்பனுமில்லை, தமையனுமில்லை; பட்டியலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உங்கட சட்டத்தில 4(அ) என்னத்தச் சொல்லுது? பள்ளிவாசல்ல ஒட்டியிருக்கு. நாங்களும் வாசிச்சிருக்கம்."

அஸ்னாவுக்கு நான் மஹ்ரம். அவளைச் சுற்றி நிற்கப் போகும் எண்பது பெண்களுக்கு நான் அந்நிய ஆண். அவர்கள் உடுத்து, நகை பூட்டி, தலைமறைப்பு இல்லாமல் இருக்கும் அறைக்குள் நான் காலே வைக்க இயலாது. நானே வரைந்த வாசகம். இருபது தடவையாவது வாசித்திருப்பேன். அதில் என் மகளை மட்டும் கண்டேன், மற்றப் பெண்களைக் காணவில்லை.

பட்டியலில் கோடு கீறினேன். அறுபத்திரண்டில் முப்பத்தேழு போயிற்று.

அஸ்னா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் போலும். உள்ளே போனாள். மஃரிப் தொழுகைக்கு முன் ஹிமாயாவுக்கு அழைப்பு எடுத்தேன். மரியாதையாகத்தான் கதைத்தார். பதினோராந் திகதி பொத்துவிலில் ஒரு கலியாணம், இரண்டு வாரத்துக்கு முன்தான் ஒப்புக்கொண்டாராம். "போன மாசம் சொல்லியிருந்தா வந்திருப்பன் சேர்" என்றார்.

2024.07.21, ஞாயிறு

மௌலவி றஊப் வந்து நிக்காஹ் ஒழுங்குகளைக் கதைத்தார். நான் பட்டியலை எடுத்துக் காட்டினேன். உருப்படி 41: நிக்காஹ் ஒப்பந்தம், எங்கள் வீட்டு மண்டபத்தில், தூரம் மூன்று மீற்றர், என் நிலை தூணருகே.

அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "தூணடியில நீங்க நிண்டா, மாப்பிள்ளைக்கு ஆர் கைகுடுக்கிற?" என்று கேட்டார்.

வொலி நான். பெண்ணின் பொறுப்பாளனாக மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்ல வேண்டியவன் நான். இரண்டு கையும் அங்கே இருக்க வேண்டும். ஐம்பது நாள் திட்டத்தில் இதை நான் நினைக்கவே இல்லை. ஒரு தகப்பன் இதை மறப்பானா?

மௌலவி ஒரு வழி சொன்னார். "நீங்க எனக்குப் பொறுப்புத் தந்தா, உங்களுக்குப் பதிலா நான் சொல்லலாம். மார்க்கத்தில இடமிருக்கு. கன பேர் அப்படித்தான் செய்றாங்க." உண்மை. என் மச்சான்மார் இருவரும் அப்படித்தான் செய்தார்கள். விதி அனுமதிக்கிறது. அப்படியென்றால் உருப்படி 41ஐ நான் எடுக்கலாம். எஞ்சிய இருபத்தைந்தில் முக்கியமானது அதுதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? வாக்குக் கொடுத்தவன் நான்.

2024.07.22, திங்கள்

பகற் சாப்பாட்டின்போது சொன்னேன்: வொலிப் பொறுப்பை மௌலவியிடம் கொடுக்கிறேன், நிக்காஹ் படமாவது ஒழுங்காக வரும்.

அஸ்னா கையைக் கழுவினாள். பாதிச் சோறு பீங்கானில் இருந்தது.

"கமராவ உங்கட கையில வெச்சிக்கிட்டு, என்ன வேற ஆள்ற கையால குடுக்கப் போறீங்களா வாப்பா?"

அது உன் ஆசைக்காகத்தானே, படம் வேண்டும் என்று கேட்டது நீதானே என்றேன். குரல் உயர்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"எனக்குப் படம் வேணாம். ஒரு படமும் வேணாம்."

எழுந்து போய்விட்டாள். கைருன்னிஸா என்னைப் பார்க்காமலே, "ஊருக்குச் சட்டம் எழுதுற ஆள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

என்னத்தச் செஞ்சாலும் பிழைதான் இந்த வீட்டில. ஒரு மாசமா அந்தச் சாமானோட மாயிறன். ஆருக்காக?

2024.07.23, செவ்வாய்

மௌலவிக்கு அழைப்பு எடுத்து, வொலி நானே என்று அறிவித்தேன். "நல்லது" என்றார்.

2024.07.27, சனி

அஸ்னா என்னுடன் 'ஓம்', 'இல்ல' மட்டும் கதைக்கிறாள். கைந்நூல் பக்கம் 288.

2024.08.02, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். பக்கம் 334: குறித்த இடைவெளியில் கமரா தானாகவே படம் எடுக்கும் முறை. மணமகள் இருக்கும் அறையின் யன்னல் மண்டபத்தைப் பார்த்தபடி இருக்கிறது. முக்காலியில் கமராவை அந்த யன்னலின் உட்புறம் நிறுத்தி, திரைச்சீலையை ஒரு சாண் விலக்கினால் போதும். ஆண்களின் பகுதி மட்டுமே படத்தில் விழும், 4(அ) மீறப்படாது. பதினைந்து வினாடிக்கு ஒரு படம்.

மண்டபத்தில் மூன்று இடங்களில் வெண்கட்டியால் சிறு குறி இட்டேன்: மாப்பிள்ளை ஹாதிக், மௌலவி, நான். என் குறியில் நானே சம்மணமிட்டு இருந்து பார்த்தேன். யன்னற் கம்பிகளுக்கு நடுவே சரியாக விழுகிறேன்.

கைருன்னிஸா விளக்குமாறும் கையுமாக வந்து, "இதக் கூட்டலாமா, ஏலாதா?" என்று கேட்டாள்.

2024.08.09, வெள்ளி

கைந்நூல் இன்று முடிந்தது. கணித்தபடியே.

2024.08.11, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ். நிறைவேறியது. கமராவைப் பற்றி இன்று எழுதமாட்டேன்.

2024.08.12, திங்கள்

நேற்றையதை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு அஸ்னாவைத் தனியே எடுக்கப் பத்து நிமிடம் தந்தார்கள். பொன்னிறச் சாரி. கையில் மருதோன்றி முழங்கை வரை. ஆறு நிமிடம் வெளிச்சத்தைச் சரிசெய்வதில் போயிற்று, யன்னல் அவளுக்குப் பின்னால் இருந்தபடியால். நான்கு படம் எடுத்தேன். ஐந்தாவதற்கு முன் நபீஸா கதவைத் தட்டினாள்: "மச்சான், மாப்பிள்ளை வீட்டுப் பொம்புளைகள் வந்திட்டாங்க. வெளியால வாங்க." முக்காலியைக் குறித்த இடத்தில் வைத்து, திரைச்சீலையை ஊசியால் குத்தி, அஸருக்குப் பின் பொத்தானை மட்டும் அமர்த்தும்படி கைருன்னிஸாவுக்குச் சொல்லி, வேறெதையும் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

அஸருக்குப் பின், இரண்டு சாட்சிகளையும் கதவடியில் நிறுத்தி, அஸ்னாவிடம் சம்மதம் கேட்கப் போனேன். கேட்க வேண்டிய வாசகத்தைத் தாளில் எழுதியிருந்தேன். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு விலகினார்கள். நான் வாசித்தேன். அவள் என்னைப் பார்த்து, "சம்மதம் வாப்பா" என்றாள். மூன்று வாரத்தில் அவள் என்னிடம் நேராகப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

மண்டபத்துக்கு வந்தால் குறிகளைக் காணவில்லை. காற்றாடிக்கு நேரே இருக்க வேண்டும் என்று யாரோ பாயை இழுத்து மாற்றியிருந்தார்கள். அதோடு, மாப்பிள்ளையின் மூத்தாப்பா அப்துல் ஹமீட் ஹாஜியார், நல்ல மனிதர், மிகவும் அகலமானவர், யன்னலுக்கு நேரே வந்து இருந்துவிட்டார். எனக்கும் யன்னலுக்கும் இடையில் அவருடைய வெள்ளைச் சட்டை. எழும்பிச் சொல்ல இயலாது. என் கை மாப்பிள்ளையின் கையில்.

மௌலவி குத்பா ஓதினார். பிறகு நான் சொல்ல வேண்டியது. "என் மகள்" என்றேன். அடுத்த சொல் வரவில்லை. அந்த வாசகத்தை இரண்டு வாரமாக மனனம் செய்தவன். ஏறத்தாழ ஆறு வினாடி. ஹாதிக் என் கையைச் சற்று இறுக்கினார். பிறகு சொல்லி முடித்தேன்.

சாப்பாடு முடிந்து, பெண்கள் கலைந்த பின் அறைக்குள் போனால் முக்காலி மட்டும் நிற்கிறது. கமரா சோபாவில், ஒரு தட்டு வாழைப்பழத்துக்கும் ஆரோ ஒரு குழந்தையின் சப்பாத்துக்கும் இடையில். திருகி பச்சையில் இருந்தது. லென்ஸில் எண்ணெய் விரல்.

ஆர் தொட்டது எண்டு கத்தினேன். கலியாண வீட்டில், புது மருமகன் நிற்கும்போது. அஸ்னா, "நான்தான் வாப்பா" என்றாள். கமராவைப் பையில் வைத்தேன்.

2024.08.13, செவ்வாய்

அட்டையில் உள்ள படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். முதலில் என் நான்கு. ஒன்று 3, ஒன்று 6, ஒன்று 1. நான்காவது பழுதற்றது, கடவுச்சீட்டுக்கு அனுப்பலாம். அடுத்து முப்பத்தெட்டுப் படங்கள், பதினைந்து வினாடிக்கு ஒன்றாக: அப்துல் ஹமீட் ஹாஜியாரின் முதுகு. தையல் தெளிவாகத் தெரிகிறது. போகஸ் மிகச் சரி.

அதற்குப் பிறகு வந்தது பெண்கள் பகுதி என்று திரையின் ஓரத்தில் ஒரு பச்சைச் சேலையைக் கண்டதும் விளங்கியது. உடனே நிறுத்திவிட்டேன். படம் பிடிக்கத் தகாதவனுக்குப் பார்க்கவும் தகாது.

கமரா என்னுடையது. ஐம்பது நாள் உழைப்பும் என்னுடையது. உள்ளே இருப்பதைப் பார்க்க எனக்கு அனுமதியில்லை.

2024.08.14, புதன்

லுஹர் தொழுகைக்குப் பின் கைருன்னிஸா கதிரையைச் சுவரோடு போட்டு, திரை எனக்குத் தெரியாதபடி கமராவை வைத்துக்கொண்டு கடைசியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் எதிரே பதிவுப் புத்தகத்தோடு இருந்தேன்.

"இது நபீஸா. நீங்க பாக்கேலா."

"போகஸ் எப்படி?"

"போகஸா? அவள் சிரிக்கா. வாய்க்குள்ள வட்டிலப்பம் தெரியுது."

"வட்டிலப்பம் தெளிவாகத் தெரிகிறதா?"

"ஓம்."

"அப்படியென்றால் போகஸ் சரி" என்று எழுதினேன்.

அவள் சிரித்தாள். சில படங்களுக்குத் தனியே சிரித்தாள், எனக்குச் சொல்லவில்லை. கமரா கை மாறிக் கை மாறி எல்லாரிடமும் போயிருக்கிறது. மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று. அஸ்னா மட்டும், அல்லது அஸ்னாவும் உம்மாவும் இருப்பவை முப்பத்தொன்று. அவற்றை எனக்குத் திருப்பிக் காட்டினாள். சரிந்தவை, தலை வெட்டுப்பட்டவை, ஒன்றில் பாதிக்கு மேல் யாருடையதோ விரல். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். காலை நீட்டிக்கொண்டு கிழங்கு ரொட்டி தின்கிறாள். நான் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் இந்தப் பிள்ளை ஒரு தடவையும் வரவில்லை.

"இதையெல்லாம் உன்னிடமே தந்து எடுக்கச் சொல்லியிருக்கலாம்" என்றேன். விதியை மறுபடி வாசித்திருந்தேன். 4(அ) ஆண்களைத்தான் தடுக்கிறது. 4(ஆ) கைத்தொலைபேசியைத்தான். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கமராவால் எடுப்பதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. விதி முதல் நாளிலிருந்தே திறந்துதான் இருந்தது.

"அம்பது நாளா அந்தச் சாமானத் தொட விட்டீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

பிறகு ஒரு படத்தில் நின்றாள். வெகு நேரம் பார்த்தாள். கமராவை என் பக்கம் திருப்பினாள்.

யன்னற் கம்பி கறுப்பாகக் குறுக்கே போகிறது. இடது ஓரத்தில் ஹாஜியாரின் தோள். அதற்கு மேலாக, மிகச் சரிந்து, என் கை ஹாதிக்கின் கைக்குள். என் தொப்பி பின்னுக்குப் போயிருக்கிறது. வாய் பாதி திறந்திருக்கிறது. கண் மூடியிருக்கிறது. கன்னத்தில் ஈரம் வெளிச்சத்தில் தெரிகிறது. அந்த ஆறு வினாடி.

"நீயா எடுத்தது?"

"நானா? உங்கட மகள். நான் பொத்தான அமத்திட்டு வந்திட்டன். அவள் கதிரையில இருந்து பாத்திரிக்காள், ஹாஜியார்ர முதுகு மட்டும்தான் விழுது எண்டு. அந்தச் சாரியோட எழும்பி வந்து, கமராவக் கழட்டி, கழட்டக்குள்ள பொம்புளைகள்ற பக்கம் ஒண்டு தானா விழுந்திட்டு, பச்சையில வெச்சி, எக்கி நிண்டு எடுத்தாள். மணவறையில இரிக்கிற புள்ள எழும்பப்படாது எண்டு மாப்பிள்ளைட உம்மா சொல்லச் சொல்ல. 'எங்கட வாப்பா என்னக் குடுக்கார் மாமி, நான் பாக்க வேணும்' எண்டாள்."

2024.08.24, சனி

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு. நானும் கைருன்னிஸாவும் வளவின் பின்புறத்து இரண்டு அறைக்கு மாறிவிட்டோம். அலுமாரி ஒன்று, கட்டில் ஒன்று, என் புத்தகங்கள், கோப்புகள். கமராப் பையை அஸ்னாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். சீட்டைக் கிழித்துவிட்டேன், பசை சிறிது மிஞ்சியிருக்கிறது. கைந்நூலையும் கொடுத்தேன். "முந்நூத்தி எண்பத்தாறு பக்கமா வாப்பா?" என்று கேட்டுவிட்டு, யன்னற் கதவு அடிக்காமலிருக்க அதை அணை கொடுத்தாள். கச்சான் இன்னும் நிற்கவில்லை.

2024.08.30, வெள்ளி

நிருவாக சபைக் கூட்டம். பிரிவு 4(இ) சேர்க்கப்பட்டது: மணமகள் வீட்டார் விரும்பின், ஒரு பெண் கமரா கொண்டு பெண்கள் பகுதியைப் படம் பிடிக்கலாம், படங்கள் மணமகளின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். ஒருவர், "என்ன செயலாளர், சட்டம் இளகுது?" என்றார். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் கையொப்பமிட்டேன்.

2024.09.05, வியாழன்

அஸ்னா அந்தப் படத்தைக் கல்முனையில் கழுவுவித்துக் கொண்டுவந்து தந்தாள். உருவப்படம் சுவரில் தொங்கவிடுவது எங்கள் வழக்கமன்று. ஆகவே இந்தப் பக்கத்தில் ஒட்டுகிறேன். ஓரத்தைப் பக்கத்தின் கோட்டோடு அடிமட்டம் வைத்துப் பொருத்தினேன். ஓரம் நேராக இருக்கிறது. உள்ளே நானும் ஹாதிக்கும் சரிந்துதான் இருக்கிறோம். மேல் மூலையில் என்னுடைய இரண்டு புள்ளிகளும் இருக்கின்றன.

பதிவு:

இலக்கம் 1047. துளை 5.6. வேகம் முப்பதில் ஒன்று. எடுத்தவர் அஸ்னா. குறை 1, 2, 3, 5. நடவடிக்கை இல்லை.